அட்டைப்பட ஓவியர் எதை விற்கிறார்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. மதுரையில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். இரவு நேரங்களில் கணினியில் ஓவியம் வரைகிறேன். பழைய அமெரிக்க ‘பல்ப்’ பத்திரிகைகளின் அட்டைகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. இதுவரை மூன்று மாத நாவல்களுக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை, என் கையெழுத்தை அழித்து, இடம் வலமாகத் திருப்பிப்போட்டு, வேறொரு நாவலுக்கும் பதிப்பாளர் பயன்படுத்திவிட்டார். என்னிடம் கேட்கவும் இல்லை, பணம் தரவும் இல்லை. அந்த அமெரிக்க ஓவியர்கள் இந்தத் தொழிலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தினார்களா? நானும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? பதிப்பாளரிடம் நியாயம் கேட்டால் அடுத்த வாய்ப்பு போய்விடுமா? என் ஓவியங்கள் இரண்டை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் முதல் இரண்டு கேள்விகள் பிழைப்பைப் பற்றியவை, மூன்றாவது உரிமையைப் பற்றியது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாத நாவல்களுக்கும் வார இதழ்களுக்கும் வரைந்து வருபவன் என்ற முறையில், மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓவியர் விற்பது படத்தையா, அல்லது அந்தப் படத்தை ஒருமுறை அச்சிட்டுக்கொள்ளும் அனுமதியையா? இதைத் தெரிந்துகொள்ளாமலே வரையத் தொடங்கியவர்கள்தாம் எங்களில் பெரும்பாலோர். நீங்கள் வியந்து பார்த்த அந்த அமெரிக்க ஓவியர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

அவர்களின் கதையை அட்டைகளின் வழியாக மட்டும் அறிந்திருக்கிறீர்கள். அந்தத் தொழில் நடந்த விதத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 1896இல் தம் ‘ஆர்கோசி’ இதழை முழுக்க முழுக்கக் கதைகளுக்கே ஒதுக்கி, மரக்கூழிலிருந்து செய்த மலிவான தாளில் அச்சிட்டு விற்றார். நம் ஊரில் சாணித்தாள் என்போமே, அந்த இனத்தைச் சேர்ந்த தாள் அது. கூழ் என்பதற்கான ஆங்கிலச் சொல்லே பிறகு அந்த இதழ்களின் பெயராயிற்று. 1920களிலும் 30களிலும் துப்பறியும் கதை, குதிரைவீரர் கதை, பேய்க்கதை, விண்வெளிக் கதை என்று வகைக்கு ஒன்றாகவும் பலவாகவும் இத்தகைய இதழ்கள் கடைகளில் குவிந்தன. உள்ளே சாணித்தாளும் கறுப்பு மையும்தான். அட்டைக்கு மட்டும் வழுவழுப்பான தாளும் நான்கு வண்ண அச்சும் உண்டு. நூற்றுக்கணக்கான இதழ்கள் நெருக்கியடித்து நிற்கும் கடையில், வழிப்போக்கரின் கையைச் சட்டைப்பையிலிருக்கும் பத்துக் காசுக்குப் போக வைக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் அந்த ஒரு தாளின் மீது விழுந்தது. அட்டையை முதலில் வரையச் சொல்லிவிட்டு, பிறகு அதற்குப் பொருந்தும்படி எழுத்தாளரிடம் கதை கேட்டு வாங்கிய ஆசிரியர்களும் இருந்தார்கள் என்றால், அந்தப் படத்தின் எடை உங்களுக்குப் புரியும்.

குடும்பம் நடத்தினார்களா என்று கேட்டீர்கள். நடத்தினார்கள், ஆனால் எல்லாரும் இல்லை, எப்போதும் இல்லை. நன்றாக நடத்தியவர்களில் ஒருவராக நார்மன் சாண்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் பிறந்து, வடக்கு டக்கோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் வளர்ந்த அவர், ஃபாசெட் பதிப்பகத்தில் தொழில் பழகிவிட்டு 1934இல் நியூயார்க் வந்தார். அங்கே ஹார்வி டன் என்ற பெரிய ஆசிரியரிடம் இரவு வகுப்பில் பயின்றார். அதன்பின் இரண்டாம் உலகப் போர் வரை, வாரத்துக்கு இரண்டு அட்டை என்ற வேகத்தில் ஆண்டுக்கு நூறு அட்டைகள்வரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். குதிரைவீரர் கதையா, துப்பறியும் கதையா, விளையாட்டுக் கதையா என்று பார்க்கவில்லை. எல்லா வகையும் வரைந்தார், சொன்ன தேதியில் கொடுத்தார். அந்தக் காலத்தில் இவரைவிட நுட்பமாக வரைந்தவர்கள் இருந்தார்கள். இவர் அளவுக்கு ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள் மிகச் சிலரே.

சாண்டர்ஸிடம் நான் மிகவும் மதிப்பது அதற்குப் பிந்தைய பகுதியை. போர்க்காலத் தாள் பஞ்சம் பல்ப் இதழ்களை முதலில் தாக்கியது. 1939இல் 25 காசு விலையில் தொடங்கியிருந்த பாக்கெட் புத்தகங்களும், படக்கதைகளும், பின்னர் தொலைக்காட்சியும் வாசகர்களை ஒவ்வொரு பக்கமாக இழுத்துக்கொண்டன. 1949இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பெரிய நிறுவனம் ஒன்றைத் தவிரத் தன் பல்ப் இதழ்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டது. படைவாழ்க்கை முடிந்து திரும்பிய சாண்டர்ஸ், பாக்கெட் புத்தக அட்டைகளுக்கு மாறினார். பிறகு ஆண்களுக்கான சாகச இதழ்களுக்கு வரைந்தார். அதன்பின் டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனத்தின் படச்சீட்டுகளுக்கு வந்து சேர்ந்தார். 1962இல் செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் 55 சீட்டுத் தொகுப்புக்கு வண்ணம் தீட்டியவர் அவர்தான். முப்பது அங்குல உயரத் துணியில் வரைந்து பழகிய கை, சீட்டுக்கட்டு அளவுப் படத்துக்கு இறங்கி வந்து அதே உழைப்பைக் கொடுத்தது. கௌரவக் குறைவு என்று அவர் கருதியிருந்தால் அந்தத் தொழில் வாழ்க்கை 1950களோடு முடிந்திருக்கும்.

இன்னொருவர் மார்கரெட் பிரண்டேஜ். சிகாகோவில் வாழ்ந்தவர். 1930களில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற பேய்க்கதை இதழின் முகமே அவருடைய அட்டைகள்தாம். ஓர் அட்டைக்கு 90 டாலர் வாங்கினார். ‘எம். பிரண்டேஜ்’ என்று மட்டும் கையெழுத்திட்டதால், அவ்வளவு துணிச்சலான படங்களை வரைபவர் ஒரு பெண் என்பது முதலில் வாசகர்களுக்குத் தெரியாது. அவர் பயன்படுத்தியது பாஸ்டல் என்ற வண்ணச் சுண்ணக்கட்டி. கை பட்டாலே கலைந்துவிடும் ஊடகம். அலுவலகம் சிகாகோவிலேயே இருந்தவரை குறையொன்றும் தெரியவில்லை, ஓவியத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். 1938இல் இதழ் கைமாறி நியூயார்க்குக்குப் போனபோது அந்தப் படங்களைச் சேதமில்லாமல் அனுப்புவதே பெரும் பாடாயிற்று. அட்டைகளில் உடல் தெரியக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதே காலத்தில் இறுகியது. வாய்ப்புகள் குறைந்தன. 1945க்குப் பிறகு அந்த இதழில் அவருடைய புதிய அட்டை இல்லை. 1976இல் மறையும்வரை பழைய வருமானம் அவருக்குத் திரும்பவே இல்லை. திறமையில் ஒரு குறையும் இல்லாதவர். ஒரே இதழையும் ஒரே ஊடகத்தையும் நம்பியிருந்தார், அவ்வளவுதான். ஒரே பதிப்பாளருக்கு மட்டும் வரையாதீர்கள் என்று இளைஞர்களிடம் நான் சொல்லும்போதெல்லாம் இந்த அம்மையார்தான் என் மனதில் வருகிறார்.

இப்போது அந்த ஓவியங்கள் என்னவாயின என்பதற்கு வருகிறேன். அட்டை அச்சாகி முடிந்ததும் மூல ஓவியம் பதிப்பகத்தின் அலமாரிக்குப் பின்னால் கிடக்கும். ஓவியர் கேட்பதில்லை, கேட்டாலும் பல இடங்களில் கொடுப்பதில்லை. இடம் அடைக்கிறது என்றால் குப்பைக்குப் போகும். ஆயிரக்கணக்கில் வரையப்பட்ட பல்ப் அட்டைகளில் மிகச் சிறு பங்குதான் மூல ஓவியமாக இன்று எஞ்சியிருக்கிறது. அப்படித் தப்பியவற்றை ராபர்ட் லெஸ்ஸர் என்ற சேகரிப்பாளர் தேடித்தேடிச் சேர்த்தார். 2003இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அந்தச் சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தது. வரைந்தவர்களில் அநேகர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எனக்கும் அப்படி ஒரு கட்டு இருந்தது. 1990களில் போஸ்டர் கலரில் வரைந்த நாற்பதுக்கும் மேற்பட்ட அட்டைகளை ஒரு பதிப்பகத்திலேயே விட்டுவைத்திருந்தேன். “பத்திரமாக இருக்கும் சார், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்” என்றார்கள். அவர்கள் வேறு கட்டடத்துக்கு மாறிய மாதத்தில் நான் போய்க் கேட்டபோது, பழைய புரூஃப் தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது என் சொத்து என்று அவர்களுக்குத் தோன்றாததற்கு, அதை நான் ஒருநாளும் சொல்லாததே காரணம். அந்தப் பழைய பேப்பர் கடையின் வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு மனம் வருவதில்லை.

இதற்கு மாறாக நடந்துகொண்டவர் ஃபிராங்க் ஃபிரசெட்டா. பாக்கெட் புத்தக உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1966 முதல் லான்சர் பதிப்பகத்துக்கு வாள்வீரன் கோனன் கதைகளின் அட்டைகளை வரைந்த காலத்திலேயே, மூல ஓவியம் தமக்குத் திரும்ப வேண்டும், அச்சிட மட்டுமே அனுமதி என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதே படங்களை அவரும் அவர் மனைவி எல்லியும் சுவரொட்டிகளாக அச்சிட்டு விற்றார்கள். பதிப்பகம் ஒருமுறை பணம் கொடுத்த படம், வீட்டுக்குப் பல ஆண்டுகள் பணம் கொண்டுவந்தது. 1969இல் ‘ஈரி’ என்ற திகில் இதழின் அட்டையாக வந்த அவருடைய எகிப்திய ராணி ஓவியம், குடும்பத்தாரிடமே இருந்து 2019இல் ஏலத்துக்கு வந்தபோது 54 லட்சம் டாலருக்குப் போனது. உங்களுக்கும் எனக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஓவியத்தையும் அட்டை அச்சானதும் அலுவலக அலமாரியிலேயே விட்டிருந்தால் அது என்னவாகியிருக்கும் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் கணினியில் வரைகிறீர்கள், உங்களுக்குத் துணியும் இல்லை, அட்டையும் இல்லை. ஆனால் மூல ஓவியம் உங்களுக்கும் உண்டு. உருவம், பின்னணி, கையெழுத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக, அதாவது லேயராக, பிரிந்து நிற்கும் அந்தக் கோப்புதான் அது. அதை ஒருபோதும் பதிப்பாளருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் படத்திலிருந்து கையெழுத்தை நீக்கித் திருப்பிப்போட அவர்களால் எளிதில் முடிந்ததற்கு, நீங்கள் லேயர் கோப்பையே கொடுத்தது காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி, அச்சு அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டி.பி.ஐ.) தரத்தில், வெட்டுக்கு நாற்புறமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வைத்து ஒரே படமாக அனுப்புங்கள். கையெழுத்தை மூலையில் தனியாகப் போடாமல், உருவத்தின் நிழலோடும் துணி மடிப்போடும் சேரும்படி போடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் 17ஆம் பிரிவு சில விலக்குகளைச் சொல்கிறது. ஒருவர் விலை கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் வரையப்படும் ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர் ஆவார் என்பது அவற்றில் ஒன்று. நம் ஊரில் அட்டைப்படங்கள் பெரும்பாலும் தொலைபேசியில் சொல்லி, தொலைபேசியிலேயே பேசி முடிக்கப்படுபவை. ஒப்பந்தமே இல்லாத அந்த வெற்றிடம் உங்களுக்குச் சாதகமானதல்ல என்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் வரைந்ததை ஓவியம் என்று சட்டம் சொல்லாது, அதனால் அந்த விலக்கு எனக்குப் பொருந்தாது என்ற வாதத்தை நம்பியும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு வேறொரு பாதுகாப்பைத் தருகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் மதிப்புக்குக் குறைவு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே இருக்கும். ஆகவே உங்கள் விஷயத்தில், இரண்டாம் முறை அச்சிட்டதைவிடக் கையெழுத்தை அழித்ததுதான் நீங்கள் வலுவாகப் பேசக்கூடிய இடம். நீதிமன்றம்வரை போகும் எண்ணம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போங்கள். இந்தத் தொகைக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து.

பதிப்பாளரிடம் எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப்பில் கோபமாக எழுத வேண்டாம், பொதுவெளியிலும் போட வேண்டாம். நேரில் போங்கள். இரண்டு நாவல்களையும் மேசைமீது அருகருகே வையுங்கள். “சார், இது என் படம்தான். இரண்டாம் நாவலுக்குப் பாதிச் சன்மானமாவது தாருங்கள். அடுத்த அச்சில் என் பெயரைப் போடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். மாதம் நான்கு நாவல் போடுபவருக்கு, தேதி தவறாத ஓவியர் தேவை. வரைபவர் கிடைப்பது எளிது, சொன்ன நாளில் கொடுப்பவர் கிடைப்பது அரிது. நான் பார்த்தவரை, மரியாதையாகக் கேட்டதற்காக யாரும் நல்ல ஓவியரைக் கைவிட்டதில்லை. கேட்டதற்காகவே ஒருவர் கைவிடுவார் என்றால், அவர் உங்கள் நான்காவது படத்தையும் இப்படித்தான் செய்வார். அந்த வாய்ப்பு போனால் போகட்டும்.

அடுத்த வேலைக்குத் தொடங்கும் முன்பு, மின்னஞ்சலில் நாலு வரி எழுதுங்கள். நான் பல ஆண்டுகளாக எழுதிவருவது இது: “இந்த ஓவியத்தைக் குறிப்பிட்ட நாவலின் அச்சுப் பதிப்பு அட்டைக்கு மட்டும் பயன்படுத்த அனுமதிக்கிறேன். மின்னூல், வேறு நூல், விளம்பரம் ஆகியவற்றுக்குத் தனிச் சன்மானம். பதிப்புரிமையும் மூல ஓவியமும் ஓவியருடையவை. ஓவியர் பெயர் இம்பிரிண்ட் (பதிப்பு விவரப்) பக்கத்தில் இடம்பெற வேண்டும். சம்மதம் என்று பதில் அனுப்பினால் வேலையைத் தொடங்குகிறேன்.” அந்தச் சம்மதம் வரும்வரை பென்சில் கோடுகூடப் போடாதீர்கள். முழு உரிமையும் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் மறுக்க வேண்டியதில்லை, அதற்கான விலை வேறு என்று சொல்லுங்கள். அப்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பது. மூன்று அட்டைகளை வைத்துக்கொண்டு யாரும் வேலையை விடக் கூடாது. குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒரு வருடம் விடாமல் வேலை வந்துகொண்டிருந்தால் அப்போது யோசியுங்கள். கேட்டு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வர்ஜில் ஃபின்லே என்ற இளைஞர் 1935இல், தமக்கு 21 வயதாக இருக்கும்போது, யாரும் கேட்காமலே தம் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களை ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பித்தான் உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் பாடநூல், கோயில் தலவரலாறு, மசாலாப் பொட்டலம், மேடை நாடகச் சுவரொட்டி என்று எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் வீட்டுக் கடனை அடைத்ததில் பாதி, பள்ளிப் பாட வழிகாட்டி நூல்களுக்கு வரைந்த பணம். ஆல்பம் கடை வேலையையும் தாழ்வாக நினைக்காதீர்கள். முகத்தில் ஒளி எங்கே விழுகிறது, பட்டுச் சேலை எங்கே மடிகிறது என்று நாள் முழுதும் பார்க்கிறீர்கள். அமெரிக்க ஓவியர்கள் மாடல்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்து அதைப் பார்த்து வரைந்தார்கள். 1964 முதல் ‘டாக் சாவேஜ்’ என்ற சாகச நாயகனின் பாக்கெட் நூல்களுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்த ஜேம்ஸ் பாமா, ஸ்டீவ் ஹாலண்ட் என்ற ஒரே மாடலைத்தான் அந்த நாயகனுக்குப் பயன்படுத்தினார். அந்தப் பயிற்சிக்கூடம் உங்களுக்குச் சம்பளத்தோடு கிடைத்திருக்கிறது.

கணினியே படம் போட்டுக் கொடுக்கும் காலம் இது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. பல்ப் இதழ்கள் நின்றபோதும், பின்னால் புத்தக அட்டைகளில் ஓவியத்தின் இடத்தைப் புகைப்படம் பிடித்தபோதும் இதே பயம் இருந்தது, பலர் தொழிலை இழக்கவும் செய்தார்கள். பாமா 1968இல் வயோமிங்குக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள மக்களைத் தீட்டும் ஓவியராகவே மாறினார். 1958இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட் நூல் அட்டைகள் வரைந்த ராபர்ட் மெக்கின்னிஸ், எழுபது வயதைத் தாண்டிய பிறகும் பழைய பாணி அட்டையே வேண்டும் என்று தேடி வந்த புதிய பதிப்பகத்துக்கு வரைந்தார். மலிவாக ஏதோ ஒரு படம் போதும் என்பவர்கள் நம்மைவிட்டுப் போய்விடுவார்கள். கதையைப் படித்து, அதில் எந்த நொடியை வரையலாம் என்று முடிவுசெய்யத் தெரிந்தவரைத் தேடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பார்கள், ஆனால் இருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படங்கள். முதலாவது, துப்பாக்கியோடு ஓடும் ஆள், நீங்கள் பார்த்த அமெரிக்க அட்டைகளின் நிழலாகத்தான் இருக்கிறது. தொப்பியும் நீளக் கோட்டும் மதுரை வெயிலுக்கு ஒட்டவில்லை. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் போன வீட்டில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி மாடிப்படியில் நிற்கும் பெண், சுவரில் அவள் நிழலோடு இன்னொரு நிழல். இது அட்டைக்கான படம். ஆனால் அவள் தலை மேல்விளிம்பை முட்டுகிறது, நாவலின் பெயரைப் போட இடமே இல்லை. வடிவமைப்பாளர் எழுத்தை நெற்றியில்தான் ஒட்டுவார். மேலே மூன்றில் ஒரு பங்கை இருட்டாக விடுங்கள், பெண்ணைக் கீழே இறக்குங்கள். இரண்டாம் நிழல் இப்போது சுவரின் வண்ணத்தில் கரைந்துவிடுகிறது. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும்போது பத்தடி தூரத்திலிருந்து அது தெரிய வேண்டும். விளக்கை இடக்கைக்கு மாற்றினால் அந்த நிழல் தனியே பிரிந்து நிற்கும் என்று நினைக்கிறேன். இந்தத் திருத்தங்களோடு வரைந்து, லேயர்களை ஒன்றாக்கி, கையெழுத்தோடு மறுபடி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓவியர்